மாமி மறந்த இலக்கம்

என் மாமி பல வருசமாக என்னோடு நேரே கதைக்காமலே என்னோடு ஒரு வீட்டில் இருந்தார். இந்தக் காலத்தில் சொன்னால் ஆரும் நம்பமாட்டார்கள். கோபமும் இல்லை, வெறுப்பும் இல்லை. மருமகனுக்கு முன்னால் வந்து நிற்கக் கூடாது, பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, முகம் பார்த்து ஒன்றைக் கேட்கக் கூடாது என்று ஒரு வழக்கம் எங்கள் பக்கத்தில் முந்தி இருந்தது. இப்போது மாமிமார் மருமகன்மாரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து சந்தைக்குப் போகிறார்கள். என் மாமி மட்டும் மாறவில்லை.

கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போவது மட்டக்களப்பு வழமை. நான் செங்கலடியிலிருந்து ஒரு உடுப்புப் பையோடு குறுமண்வெளிக்கு வந்தேன். வந்த அன்று மாமி குசினிக்குள் நின்றுகொண்டு, "சோறு போட்டிரிக்கு" என்றார். ஆருக்கு என்று சொல்லவில்லை. பிறகு எல்லாமே அப்படித்தான். "மழை வரப் பாக்குது, கொடியில சாரம் கிடக்கு." "கிணத்தடியில தண்ணி அள்ளி வெச்சிரிக்கு." பள்ளியில் முன்னிலை என்று ஒன்று படித்தோமே, மாமியின் பேச்சில் அது இராது. எனக்குச் சொல்ல வேண்டியதைச் சுவருக்குச் சொல்வார், சட்டிக்குச் சொல்வார், முற்றத்தில் நிற்கும் மரத்துக்குச் சொல்வார். நான் கேட்டுக்கொண்டு அதன்படி செய்வேன்.

முதல் இரண்டு வருசம் இடையில் என் மனைவி இருந்தாள். அம்மா சொல்வதை எனக்கும் நான் சொல்வதை அம்மாவுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதன் பிறகு அவள் கட்டாருக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். ஏன் போனாள் என்பது எங்கள் ஊரில் ஆரும் கேட்கிற கேள்வி இல்லை.

வீட்டில் மாமியும் நானும் மிஞ்சினோம். நான் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு நெல் மில்லில் வேலை. விடியப் போனால் பின்னேரம் காதுக்குள்ளும் கண்ணிமையிலும் உமித் தூசியோடு வருவேன். குளித்துவிட்டு முன்விறாந்தையில் கதிரையைப் போட்டு இருந்தால் எழும்ப மனம் வராது. வெள்ளிக்கிழமைகளில் மனைவி கோல் எடுப்பாள். "என்ன சாப்பாடு?" என்பாள். சொல்வேன். "அங்க மழையா?" என்பாள். அதையும் சொல்வேன். நான் "வேலை எப்பிடி?" என்று கேட்டால் "இரிக்கு" என்பாள். அதற்குப் பிறகு இருவரும் மற்றவர் என்ன சொல்வார் என்று காத்திருப்போம். ஒன்றும் வராது. மேடம் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிடுவாள். உடம்பு களைத்தவனுக்கு அது ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது.

ஏனென்றால் மற்ற நாட்களில் மாமி இருந்தார். ஊருக்கு வந்த ஒருத்தியிடம் மனைவி தாய்க்கு ஒரு ஸ்மார்ட் போன் கொடுத்துவிட்டிருந்தாள். அடுத்த வளவுப் பிள்ளை ஒருத்தி அதைப் பாவிக்கச் சொல்லிக் கொடுத்தாள். மாமி அதை ஒரு துணிப்பைக்குள் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு திரிவார். வாவிக்கரையில் கண்டல் மரத்தடியில் சிக்னல் நன்றாக இருக்கும். பின்னேரமானால் அங்கே போய் நின்று மகள் அனுப்பிய குரல் மெசேஜைக் காதில் வைத்துக் கேட்பார். தானும் சத்தமாகப் பதில் சொல்வார். அவர் சொல்வதைக் காற்று கொண்டுபோய்விடும். விறாந்தையிலிருந்து எனக்கு முதுகு மட்டும்தான் தெரியும்.

திரும்பி வந்து படலையைச் சாத்திக்கொண்டே சேதி சொல்வார். படலைக்குத்தான் சொல்வார்.

"புள்ளைக்குச் சுகம். மூட்டை தூக்கி முதுகு நோகுமே, நோவெண்ணெய் பூசினாரோ எண்டு கேக்குது."

அடுத்த நாள் என் படுக்கையில் நோவெண்ணெய்ப் போத்தல் இருக்கும்.

இன்னொரு நாள், "இறால் மலிஞ்சிரிக்காம் எண்டு சொன்னன். வாங்கிச் சுண்டிக் குடுங்க, அவருக்குப் பிடிக்கும் எண்டு சொல்லிச்சு."

அந்த இறாலைச் சாப்பிடும்போது, அவ்வளவு தூரத்தில் ஒருத்தி ஆரோ ஒருவரின் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு எனக்குப் பிடித்ததை நினைத்திருக்கிறாள் என்று நெஞ்சுக்குள் ஒரு சூடு வரும். வெள்ளிக்கிழமை அவளோடு அதைப் பற்றிக் கதைக்கலாம் என்று நினைப்பேன். வெள்ளிக்கிழமை வந்தால் என்ன சாப்பாடு, மழையா என்பதோடு முடிந்துவிடும்.

போனுக்கு இலக்கம் போட்டுப் பூட்ட வேண்டும் என்று அடுத்த வளவுப் பிள்ளையிடம் கேட்டது மாமிதான். நாலு இலக்கம் என்றாளாம். மாமி அவளையும் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே போட்டாராம். பிறகு விரலை வைத்துத் திறக்கவும் பழகிக்கொண்டார். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. அந்தப் போனில் அப்படி என்ன இருக்கப் போகிறது என்று நினைத்தேன்.

நாலைந்து வருசத்துக்கு முந்திய ஒரு மாரியில் மாமிக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். அங்கேயும் வழக்கத்தை விடவில்லை. சேலைன் ஏறுகிற கையோடு நர்ஸைப் பார்த்து, "மில்லில இருந்து நேரா வந்தவர் போல. வீட்ட போய்ப் படுக்கச் சொல்லுங்க" என்றார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். நர்ஸ் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், சிரித்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கரைச்சல் தொடங்கியது. காய்ச்சல் நேரம் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்திருக்கிறது. திரும்பப் போட்டதும் விரலை ஏற்கவில்லை. இலக்கத்தைத்தான் கேட்டது. ஒரு தரம் போட்டுவிட்டு அதன் பிறகு விரலாலேயே திறந்து பழகிய மனிசிக்கு அது எங்கே நினைவிருக்கப் போகிறது? இலக்கம் கொடுக்காதவரை மகளின் மெசேஜும் வராது, வட்சப்பில் அவள் எடுத்தாலும் மணியடிக்காது.

மாமி இதை ஆருக்கும் சொல்லவில்லை. பின்னேரம் வழக்கம்போல் கண்டல் மரத்தடிக்குப் போனார். போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, "புள்ளைக்குச் சுகம்" என்றார். நானும் நம்பினேன்.

ஒரு நாள் மில்லில் மூட்டை அடுக்கிக்கொண்டு நிற்கும்போது மனைவி எடுத்தாள். அன்று வெள்ளிக்கிழமை இல்லை.

"அம்மாக்கு என்ன? ஆஸ்பத்திரியால வந்ததில இருந்து ஒரு சத்தமும் இல்ல. நான் எடுத்தாலும் போகுதில்ல."

"காய்ச்சல் விட்டிற்று. நல்லாத்தான் இரிக்கா."

"பொய் சொல்லாதீங்க."

"என்னத்துக்குப் புள்ள பொய் சொல்றன்? நேத்தும் உன்னோட கதைச்சதாச் சொன்னாவே."

"என்னோடயா? கதைக்கல்லயே."

எனக்கும் விளங்கவில்லை. அவளை ஆற்றுவதற்காக வேறு எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "நீ சொன்னபடி நோவெண்ணெய் பூசுறன். முதுகு இப்ப பறவாயில்ல" என்றேன்.

"என்ன எண்ணெய்?"

"அம்மாட்டச் சொல்லி விட்டாயே."

"நான் ஒண்டும் சொல்லல்ல. உங்களுக்கு முதுகு நோவா?"

மில் இரைந்துகொண்டிருந்தது. நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"இறால்?" என்று கேட்டேன்.

"இறாலுக்கு என்ன? நான் வந்ததில இருந்து நீங்க இறால் தொடுறதில்ல எண்டுதானே அம்மா சொன்னா. நான் இல்லாம அது இறங்குதில்லயாம் உங்களுக்கு."

நான் பக்கத்து மூட்டையில் குந்தினேன்.

"மண்டூர்த் திருவிழாவில என்ட பேருக்கு அர்ச்சனை செஞ்சீங்களே," என்றாள். கேள்வியாகவும் இல்லை, சொல்வதாகவும் இல்லை.

"நான் திருவிழாக்கே போகல்ல புள்ள. மில்லில லீவு தரல்ல."

அந்தப் பக்கம் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "மேடம் கூப்பிடுறா" என்று வைத்துவிட்டாள்.

அன்று சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். மிதிக்க உடம்பில் ஒன்றும் இல்லை. எது அவள் சொன்னது, எது மாமி தன் பாட்டுக்குச் சொன்னது என்று ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். ஒன்றைக்கூடப் பிரிக்க முடியவில்லை. எல்லாமே மாமியுடையதாக இருக்கலாம். கோபப்பட்டிருக்க வேண்டும். கோபத்துக்கும் ஒரு தென்பு வேண்டுமே.

மாமி குசினிப் படியில் போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நாலு இலக்கத்தை அமத்துவார். பிழை என்று காட்டும். கொஞ்ச நேரம் பொறுக்கச் சொல்லும். பொறுத்திருந்து திரும்பவும் அமத்துவார். என்னைக் கண்டதும் எழும்பினார்.

நானும் அவரைப்போலவே கிணற்றைப் பார்த்துச் சொன்னேன். "புள்ள எடுத்தது. அம்மாட சத்தம் இல்ல எண்டு அழுகுது."

மாமி போனைப் படியிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த நாள் அதைக் களுவாஞ்சிகுடியில் ஒரு போன் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் காத்தான்குடி மனிசர், நல்ல சுபாவம். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இலக்கம் தெரியாட்டி முழுக்க அழிச்சுத்தான் திறக்கலாம். உள்ளுக்க இரிக்கிற ஒண்டும் மிஞ்சா. அழிச்ச பிறகும் இதில முதல் போட்ட ஈமெயில், அதுட பாஸ்வேர்ட் எல்லாம் கேக்கும். அது ஆருட்ட இரிக்கு?"

"மனிசிட்ட. கட்டார்ல."

"அப்ப அவங்களையும் லைன்ல வெச்சிக்கொண்டு வாங்க. அதுக்கு முந்தி, உள்ள இரிக்கிறது வேணுமா வேணாமா எண்டு வீட்ட கேளுங்க. பிறகு எனக்கு ஏசக்கூடா."

உள்ளே இருந்தது மகளின் குரல். மனைவியைக் கேட்டபோது, தன்னிடம் ஒன்றும் இல்லை என்றாள். மேடம் போனை வாங்கிப் பார்ப்பதால் அனுப்பியதும் அழித்துவிடுவாளாம். அத்தனை வருசத்துக் கதையும் அந்த ஒரு போனில்தான்.

ஞாயிற்றுக்கிழமை மில் பூட்டு. நான் பாயைக் கொண்டுபோய் மாமரத்தடியில் போட்டேன். கடைக்காரர் சொன்னதை மரத்துக்குச் சொன்னேன். மாமி குசினி வாசலில் நின்று கேட்டார். பிறகு வந்து பாயின் மற்ற மூலையில் இருந்தார். அவர் என் முன்னால் இருந்தது அதுதான் முதல் தடவை.

"ஒருக்கா நினைச்சுப் பாப்பம்," என்றேன். "மகள் பிறந்த வருசமா?"

தலையாட்டினார். போட்டேன். பிழை. எங்கள் கலியாண நாளைப் போட்டேன். அதுவும் பிழை. பழைய அடையாள அட்டையின் கடைசி இலக்கங்கள், கிழவிகள் சீட்டுக் கட்டுகிற இடத்து இலக்கம், மகள் விமானம் ஏறிய நாள். ஒவ்வொரு பிழைக்கும் போன் எங்களை இன்னும் கூட நேரம் காக்க வைத்தது. காத்திருக்கும் நேரத்தில் என்ன செய்வது? வாவிப் பக்கமிருந்து காற்று வந்தது. மாமி மாவிலை ஒன்றைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"மாமா..." என்று இழுத்தேன். "மாமாட நாள் ஏதாவது?"

என் மாமாவை நான் கண்டதில்லை. படத்தில்தான் பார்த்திருக்கிறேன். யுத்தம் நடந்த பிரச்சினைக் காலத்தில் காணாமல் போனவர் என்று மட்டும் மனைவி சொல்லியிருந்தாள்.

மாமி என்னைப் பார்த்தார். என் முகத்தைத்தான் பார்த்தார்.

"அவர் போன நாள் எனக்குத் தெரியா மருமகன். நாள் பாக்கிற காலமா அது? விடியச் சண்டை பிடிச்சம். ஒண்டுக்கும் உதவாத சண்டை. வலை காய விடல்ல எண்டு. நான் அவர்ட முகத்துக்கு நேர சொன்னன், போங்க, இஞ்சால வராதீங்க எண்டு. போனார். சந்தியில பிடிச்சிற்றாங்க எண்டு பின்னேரம் வந்து சொன்னாங்க."

இலையைக் கீழே போட்டார்.

"ஒரு சொல்ல அப்பிடியே எடுத்துக் குடுத்தா அது எங்க போய் நிக்கும் எண்டு தெரியா. புள்ளைக்கும் உங்களுக்கும் நடுவில அப்பிடி ஒண்டு விழுந்திரும் எண்டு எனக்குப் பயம். அவள் சில நாள் அழுவாள். இனி வரமாட்டன் எண்டு ஏசுவாள். உங்களப் பற்றி ஒரு வார்த்தையும் கேக்கமாட்டாள். அத எப்பிடி நான் கொண்டு வந்து சொல்றது? நீங்க கேட்டிரக் கூடா எண்டுதான் பூட்டினன். இப்ப நானே வெளியில நிக்கிறன்."

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். "பறவாயில்ல மாமி" என்றேன்.

போன் திரும்பவும் இலக்கம் கேட்டது. நான் மாமியைப் பார்த்தேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"அழிக்கச் சொல்லுங்க. ரெண்டு பக்கமும் சுமந்து களைச்சுப் போனன் மருமகன்."

திங்கட்கிழமை அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மாமியும் வந்தார். ஓட்டோவில் நான் முன்னுக்கு, அவர் பின்னுக்கு. கடை வாசலில் போட்டிருந்த கதிரையில் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தார். கடைக்காரர் போனை அழிக்கும்போது அதைப் பார்க்கவில்லை. ரோட்டில் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாஸ்வேர்ட் மனைவிக்கும் சரியாக நினைவில்லை. அதை மாற்றுவதற்கு அவளுடைய போனுக்கு ஒரு கோட் வரும், அதைக் கெதியாகச் சொல்ல வேண்டும் என்றார் கடைக்காரர். மனைவி அந்த வீட்டுக் குசினிக்குள் ஒளித்து நின்று மெதுவாகச் சொன்னாள். முதல் தரம் நான் ஒரு இலக்கத்தைப் பிழையாகக் கேட்டுவிட்டேன். இரண்டாம் தரம் மேடம் வந்துவிட்டாள், மனைவி நடுவில் அரபியில் ஏதோ பதில் சொன்னாள், நேரம் கடந்துவிட்டது.

"தம்பி, கெதியா, கெதியா," என்றார் கடைக்காரர்.

மூன்றாம் தரம் அவள் சொல்லச் சொல்ல நான் உரத்துத் திருப்பிச் சொன்னேன். போன் ஏற்றுக்கொண்டது. "வந்திற்று!" என்று கத்திவிட்டேன். அந்தப் பக்கத்தில் அவள் சிரித்தாள். கலியாணம் முடித்த புதிதில் சிரித்த மாதிரி. இவ்வளவு காலத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்து முடித்த முதல் வேலை அதுதான் என்று எனக்குப் பட்டது.

"வெச்சிராதீங்க," என்றாள். "முதுகு உண்மையாவே நோகுதா?"

"ஓம். இடது பக்கம்."

"மூட்டை தூக்கிறத விட்டுப்போட்டு வேற வேலை கேளுங்க."

"கேக்கணும்." பிறகு சொன்னேன். "வர விருப்பமில்லயெண்டா என்னட்டச் சொல்லு புள்ள. அம்மாட்டச் சொல்லாத."

"களைச்சிருக்கக்குள்ள ஆயிரம் சொல்லுவன். வருவன்."

திரும்பக் கொண்டுவந்த போனில் மாமி பூட்டுப் போடவில்லை. அதில் ஒன்றுமே இல்லை, மகளின் படம்கூட. அதன் பிறகு மனைவி பெரும்பாலும் எனக்கே எடுத்தாள். சில நாள் ஏசினாள். சில நாள் ஒன்றும் சொல்லாமல் லைனில் இருந்தாள். நானும் இருந்தேன். மாமி கண்டல் மரத்தடிக்குப் போவது குறைந்துபோனது.

அடுத்த வருசம் மனைவி வந்தாள். நான் கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுக்குப் போய்க் கூட்டி வந்தேன். பஸ்ஸில் பொலன்னறுவை தாண்டும் வரை அவள் நித்திரை. வீட்டுக்கு வந்தால் முற்றம் கூட்டியிருந்தது, சோறு கறி ஆக்கி மூடியிருந்தது, மாமி இல்லை. மண்டூரில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாராம் என்று அடுத்த வளவில் சொன்னார்கள். உடுப்புப் பெட்டியையும் கொண்டுபோயிருந்தார்.

அடுத்த நாள் நான் வாவியைக் கடந்து போனேன். எங்கள் ஊருக்கும் மண்டூருக்கும் நடுவில் ஓடுகிற மிதவைப் படகை நாங்கள் பாதை என்போம். பாதையை விட்டு இறங்கினால் கரையிலேயே மாமி நின்றார். நான் வருவேன் என்று தெரிந்திருக்கும்.

"வாங்க மாமி, போவம். புள்ள அழுகுது."

"அழட்டும்," என்றார். "வந்து பாப்பன். இருக்க மாட்டன். நான் நடுவில இருந்தா நீங்க ரெண்டு பேரும் என்னோடதான் கதைப்பீங்க."

"அப்ப எங்களுக்குச் சோறு ஆர் ஆக்குற?" பகிடியாகத்தான் கேட்டேன்.

"அவளுக்கு ஏலும். இல்லாட்டி நீங்க பழகுங்க. பாதை வெளிக்கிடப் போகுது, ஏறுங்க மருமகன்."

ஏறினேன். மாமி கடைசிவரை மண்டூரில்தான் இருந்தார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்து பகலோடு போய்விடுவார். போன சித்திரையில் நித்திரையிலேயே போய்விட்டார்.

மாமியைக் கூப்பிடப் போன அன்று நான் தனியே திரும்பி வந்தபோது மனைவி வாசற்படியில் இருந்தாள்.

"அம்மா வரல்லயா?"

"வரல்ல."

"நீங்க ஒழுங்காக் கூப்பிட்டிருக்க மாட்டீங்க."

"கூப்பிட்டன்."

"எப்பிடிக் கூப்பிட்டீங்க? எனக்குத் தெரியாதா உங்கட கூப்பிடுதல்?"

அதிலிருந்து தொடங்கியது. அத்தனை வருசத்தில் சொல்லாத எல்லாவற்றையும் இருவரும் சொன்னோம். அடுத்த வளவில் விளக்கு ஏற்றிவிட்டு ஆட்கள் வேலியோரம் வந்து நின்று கேட்கும் அளவுக்குச் சண்டை. நடுவில் வந்து நிற்க ஆரும் இல்லை. அவள் அழுதாள், நான் கதிரையைத் தள்ளிவிட்டேன், அவள் அதை நிமிர்த்தி வைத்தாள். தொண்டை காய்ந்து இருவரும் களைத்துப்போய் இருந்தோம்.

பிறகு பசித்தது. மாமி ஆக்கி வைத்துவிட்டுப் போன சோறும் கறியும் முடிந்திருந்தன. குசினியில் என்ன எங்கே இருக்கிறது என்று இருவருக்கும் தெரியவில்லை. ஆளுக்கொரு பக்கமாகத் தேடத் தொடங்கினோம்.